மின்னணுக் காதடைப்பான் இரைச்சலைத் தடுக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின்னணுக் காதடைப்பான், அதாவது காதுக்குள் பொருத்தி இரைச்சலைக் குறைக்கும் இயர்பட், வேலை செய்யவில்லை என்ற ஒரே புகாருக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருக்கு எஞ்சின் உறுமல் சிறிதும் குறைவதில்லை. இன்னொருவருக்கு உறுமல் அடங்கிவிடுகிறது, ஆனால் பக்கத்து மேசைப் பேச்சு ஒரு சொல் விடாமல் காதில் விழுகிறது. மற்றொருவருக்கோ வெளியோசை நின்றபின் தம் மூச்சும் இதயத் துடிப்புமே உறங்கவிடாமல் செய்கின்றன. இம்மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆகவே செயலியைத் திறந்து ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்ப்பதற்கு முன், தொல்லை தரும் ஓசை எது, அது எந்த வழியாகச் செவிப்பறையை அடைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டு விலை கூடிய வேறொன்றை வாங்குபவருக்கும் பெரும்பாலும் அதே தொல்லைதான் காத்திருக்கும்.

இக்கருவிகள் மூன்று வகையான வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, சிலிகான் அல்லது ஃபோம் முனை செவிக்குழாயை அடைத்து ஓசையை வெளியிலேயே நிறுத்துவது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. இரண்டாவது, ஏஎன்சி என்று சொல்லப்படும் இரைச்சல் நீக்கம். வெளியோசையை மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையைச் சிப் உருவாக்க, ஸ்பீக்கர் அதை ஒலிக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இக்கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். மூன்றாவது, மழை, அருவி போன்ற சீரான ஓசையை மெல்ல ஒலிக்கவிட்டு மற்ற ஓசைகளை அதற்குள் மறைப்பது. எல்லாக் கருவிகளும் இம்மூன்றையும் செய்வதில்லை. எடுத்துக்காட்டாக, போஸ் நிறுவனம் 2018இல் உறக்கத்துக்கென வெளியிட்ட ஸ்லீப்பட்ஸ் இயர்பட்களில் ஏஎன்சி கிடையாது. அவை காதை அடைத்தன, ஓசையை மறைத்தன, அவ்வளவே. உங்கள் கருவி இவற்றில் எதைச் செய்வது என்பதை அதன் விளக்கக் குறிப்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓர் எளிய சோதனை. ஒரே வேகத்தில் ஓடும் மின்விசிறிக்கு அருகில் அமர்ந்து, இரண்டு காதுகளிலும் கருவியைப் பொருத்திக்கொண்டு, பாட்டு எதுவும் ஓடாத நிலையில் ஏஎன்சியை மாறி மாறி இயக்கியும் நிறுத்தியும் கேளுங்கள். இயக்கும்போது அடித்தொண்டையிலிருந்து வருவது போன்ற உறுமல் மறைந்து, காற்று சீறும் ஓசை மட்டும் மிஞ்சினால் மின்னணுப் பகுதி நலமாக உள்ளது. வேறுபாடே தெரியாவிட்டால், இயர்பட்களை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் உறுமல் குறைந்தால் குறை காதின் அடைப்பில் இருக்கிறது. அழுத்தியும் மாற்றமில்லை என்றால்தான் கருவியின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்.

அறிகுறி: எஞ்சின், விசிறி, ஏசி ஆகியவற்றின் உறுமல் குறையவில்லை

இவ்வகைப் புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது காதின் அடைப்பைத்தான். முனைக்கும் செவிக்குழாய்ச் சுவருக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஓசை அதன் வழியே நுழைந்துவிடும். ஏஎன்சி திறம்படச் செயல்படுவதும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான். ஸ்பீக்கர் எழுப்பும் எதிரலையும் அந்த இடைவெளி வழியாகவே வெளியேறிவிடுவதால் இழப்பு இரு மடங்காகிறது. பாட்டுக் கேட்கும்போது தாளத்தின் அடி ஓசை மெலிந்து, தகரம் தட்டுவதுபோல் ஒலித்தால் அதுவும் இதே குறையைத்தான் காட்டுகிறது.

பெட்டியில் வரும் முனைகளுள் நடுத்தர அளவைப் பொருத்திக்கொண்டு அப்படியே விட்டுவிடுவது பரவலான வழக்கம். எல்லா அளவுகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வலக்காதில் பெரியதும் இடக்காதில் நடுத்தரமும் சரியாக அமைபவர்கள் உண்டு. பொருத்தும் முறையும் முக்கியம். வலக்காதுக்கு இயர்பட்டை வலக்கையில் பிடித்து, இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலக்காதின் மேல்மடலைப் பற்றி மேலும் பின்னும் இழுத்தால் வளைந்திருக்கும் செவிக்குழாய் நேராகும். அப்போது முனையை உள்ளே செலுத்தி, சற்றுத் திருகி, பிறகு மடலை விட்டுவிட வேண்டும். ஃபோம் முனையாக இருந்தால் அதை விரல்களுக்கிடையே நசுக்கிச் சிறிதாக்கி, விரிவதற்குள் உள்ளே வைத்து, 20 முதல் 30 விநாடிகள் வரை விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பலரும் ஐந்து விநாடியில் கையை எடுத்துவிடுகிறார்கள். ஃபோம் விரியும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொள்கிறது, அடைப்பு பாதியில் நின்றுவிடுகிறது. குளிர்ந்த அறையில் ஃபோம் விறைத்திருக்கும் என்பதால் உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது.

அடைப்பு சரியாக அமைந்துவிட்டதா என்பதை அறிய, கருவி காதில் இருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். மூடும்போது வெளியோசை இன்னும் வெகுவாகக் குறைந்தால் முனை எங்கோ கசிகிறது. பெரிய மாற்றம் தெரியாவிட்டால் அடைப்பு நன்றாக உள்ளது. செயலிகளில் இருக்கும் பொருத்தச் சோதனையும் உதவும். அது ஓர் ஓசையை எழுப்பி, காதுக்குள் இருக்கும் மைக் அதை எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிறது. ஆனால் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போது கிடைத்த நற்சான்று, ஒருக்களித்துப் படுக்கும்போது செல்லாது. தாடை அசைந்தால் செவிக்குழாயின் வடிவமே மாறும். தலையணை இயர்பட்டை ஒரு பக்கமாகச் சாய்க்கும். உறக்கத்துக்காக வாங்கியவர்கள் அந்தச் சோதனையைப் படுத்த நிலையில், வாயைச் சற்றுத் திறந்தும் மூடியும், செய்து பார்ப்பதே பயன் தரும்.

முனைகளுக்கும் வயது உண்டு. காதின் எண்ணெய்ப் பசை படிந்து சிலிகான் வழுக்கத் தொடங்கும். ஃபோம் விரியும் திறனை இழக்கும். முதலில் நன்றாக இருந்த கருவி சில மாதங்களில் மெல்ல மெல்ல மோசமானால், கருவியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைக் குறை கூறுவதற்கு முன் முனையை மாற்றிப் பாருங்கள்.

உறை மீது அச்சிட்ட எண்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில், காதடைப்பான் ஓசையை எவ்வளவு குறைக்கிறது என்பதைக் காட்டும் என்.ஆர்.ஆர் என்னும் மதிப்பீடு வழக்கில் உள்ளது. நல்ல ஃபோம் காதடைப்பான்கள் அதில் 33 டெசிபல் வரை பெறுகின்றன. அது ஆய்வகத்தில், சரியாகப் பொருத்தப்பட்ட நிலையில் கிடைக்கும் எண். நடைமுறையில் ஃபோம் வகைக்கு அதில் பாதியையும், மற்ற காதடைப்பான்களுக்கு 70 விழுக்காட்டையும் கழித்துக் கணக்கிடுமாறு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைத்திருக்கிறது. ஏஎன்சி கருவிகளின் விளம்பரத்தில் வரும் '40 டெசிபல் வரை' போன்ற எண்களோ, அக்கருவி மிகச் சிறப்பாகச் செயல்படும் ஒரு குறுகிய அதிர்வெண் பட்டைக்கு உரியவை. அவ்வெண்ணை முழு உலகத்துக்கும் பொருத்திப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அறிகுறி: உறுமல் அடங்குகிறது, பேச்சும் குறட்டையும் அடங்கவில்லை

இது பெரும்பாலும் கோளாறே அன்று. ஏஎன்சியின் இயல்பான எல்லை. 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்குப் பத்து மில்லி விநாடி ஆகிறது. அதைக் கேட்டு, கணக்கிட்டு, எதிரலையை வெளியிடக் கருவிக்குப் போதிய அவகாசம் உண்டு. 3,000 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த அவகாசம் மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். நேரம் சற்றே பிசகினாலும் எதிரலை இரைச்சலை அழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். எனவே ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏஎன்சி ஒதுங்கிக்கொள்ள, முனையின் அடைப்பு மட்டுமே பொறுப்பேற்கிறது. பேச்சில் சொற்களைப் பிரித்தறியச் செய்யும் மெய்யொலிகளின் ஆற்றல் பெரிதும் அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கிறது. பின்னணி உறுமல் நீங்கியவுடன், அதுவரை அதற்குள் அமிழ்ந்திருந்த பேச்சு முன்னைவிடத் தெளிவாகவும் கேட்கும். அலுவலகத்தில் ஏஎன்சியை இயக்கியதும் உடன் பணிபுரிபவர்களின் உரையாடல் துலக்கமானது என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை.

இதற்கான தீர்வு இரண்டு படிகளில் அமைகிறது. முதலில் சிலிகானுக்குப் பதிலாக ஆழமாகப் பொருந்தும் ஃபோம் முனைக்கு மாறுங்கள். உயர்ந்த அதிர்வெண்களில் வேறுபாடு உடனே தெரியும். அதன்மேல் சீரான மறைப்போசை ஒன்றை மெல்ல ஒலிக்கவிடுங்கள். பேச்சை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. சொற்கள் பிரியாமல் ஒரு முணுமுணுப்பாகக் குழைந்துவிட்டாலே மனம் அதைப் பின்தொடர்வதை விட்டுவிடும். ஒலியை முற்றிலும் குறைத்த நிலையிலிருந்து படிப்படியாகக் கூட்டி, சொற்கள் குழையும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே சரியான அளவு. இரவு முழுவதும் ஒலிக்கப்போகும் ஓசை என்பதால் இதில் தாராளம் காட்டக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் சராசரி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு வரம்பு. உறங்கும்போது அந்த வரம்பின் அருகில்கூடச் செல்லத் தேவையில்லை.

நீங்கள் இருமியவுடனோ ஏதேனும் முணுமுணுத்தவுடனோ திடீரென்று அறை முழுவதும் திறந்துகொண்டதுபோல் எல்லா ஓசையும் உள்ளே வந்தால், நீங்கள் பேசுவதை உணர்ந்து வெளியோசையை அனுமதிக்கும் வசதி இயங்குகிறது என்று பொருள். செயலியில் அதை நிறுத்திவிடுங்கள். பலர் இதை ஏஎன்சி விட்டு விட்டு வேலை செய்வதாகத் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

குறட்டை இன்னும் கடினமானது. அதில் தாழ்ந்த உறுமலும் உயர்ந்த சீறலும் கலந்திருக்கின்றன. ஏறியும் இறங்கியும் நின்றும் ஒலிப்பதால் மறைப்போசைக்கும் எளிதில் அடங்குவதில்லை. ஏஎன்சி, ஆழமான முனை, தாழ்ந்த தொனியுள்ள மறைப்போசை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறையும். முழு அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். காதை எவ்வளவு நன்றாக அடைத்தாலும், ஏறத்தாழ 40 முதல் 50 டெசிபல் குறைப்புக்குப் பிறகு ஓசை மண்டையோட்டின் எலும்பு வழியாகவே உட்செவியை அடைந்துவிடும் என்பதால், எந்தக் காதடைப்பானாலும் கடக்க முடியாத ஓர் எல்லை உடலிலேயே இருக்கிறது. மேல்தளத்துக் காலடி ஓசையோ சுவருக்கு அப்பால் ஓடும் இயந்திரமோ கட்டில் வழியாக அதிர்வாகத் தலையை அடைந்தால், கருவியை மாற்றுவதைவிடக் கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கிப் போடுவது அதிகப் பலன் தரும்.

அறிகுறி: என் குரலும் மூச்சும் காதுக்குள் முழங்குகின்றன

பேசும்போதும் மெல்லும்போதும் தாடையின் அதிர்வு செவிக்குழாயின் குருத்தெலும்புச் சுவரை அசைக்கிறது. காது திறந்திருந்தால் அந்த ஓசை வெளியேறிவிடும். அடைத்திருந்தால் செவிப்பறை மீதே மோதும். குழாயின் வாயிலில் மேலோட்டமாக அடைக்கும் முனைகளில் இந்த முழக்கம் மிகுதி. முனை சற்று ஆழமாகச் சென்று, உள்ளே மிஞ்சும் காற்றுவெளி குறைந்தால் முழக்கமும் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் இயர்பட்டைத் தளர்த்திப் பார்க்கிறார்கள், அப்போது வெளி இரைச்சலும் சேர்ந்து உள்ளே வருகிறது. இணையவழிக் கூட்டங்களில் பேசும்போது மட்டும் தொல்லை என்றால், வெளியோசையை அனுமதிக்கும் பயன்முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது கேட்கும் இதயத் துடிப்புக்கு மிக மெல்லிய மறைப்போசையே போதும்.

அறிகுறி: காதுக்குள் அழுத்தம், தலை கனப்பதுபோன்ற உணர்வு

அமைதியான அறையில், ஏஎன்சியை இயக்கிய உடனே இவ்வுணர்வு தோன்றி, நிறுத்தியவுடன் மறைந்தால், காதுக்குள் உண்மையில் காற்றழுத்தம் எதுவும் கூடவில்லை. தாழ்ந்த ஓசைகள் மட்டும் திடீரென்று நீங்குவதைச் சிலரின் மூளை அழுத்த மாற்றமாகப் பொருள்கொள்கிறது. ஏஎன்சியின் அளவைச் செயலியில் குறைத்து வைப்பதும், அமைதியான இடங்களில் அதை முற்றிலும் நிறுத்திவிட்டு அடைப்பை மட்டும் பயன்படுத்துவதும் தீர்வாகும். உறங்கும் அறையில் உறுமல் ஏதும் இல்லாதபோது ஏஎன்சியை இயக்கிக் கிடப்பதில் மின்கலம் தீர்வதைத் தவிரப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

விமானத்தில் கதை வேறு. பறக்கும்போது அறையின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அளவில் இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அது உண்மையிலேயே மாறுகிறது. இறுக்கமான முனை, செவிக்குழாய்க்குள் பழைய அழுத்தத்தில் உள்ள காற்றைச் சிறைபிடித்து வைத்திருப்பதால் செவிப்பறையில் இழுப்பும் வலியும் உண்டாகும். தரையிறங்கும் அறிவிப்பு வந்தவுடன் இரண்டு இயர்பட்களையும் ஒருமுறை கழற்றி எடுத்துவிட்டு, எச்சிலை விழுங்கியும் கொட்டாவி விட்டும் காதைச் சமன்செய்யுங்கள். சளி பிடித்திருப்பவர்கள் இறங்கி முடியும்வரை மீண்டும் பொருத்தாமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: கருவியே ஓசை எழுப்புகிறது

ஓசையின் வகையை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். அமைதியான அறையில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல் கேட்டால் அது மைக்கின் சொந்த இரைச்சல். எல்லாக் கருவிகளிலும் ஓரளவு இருக்கும். அது பொறுக்க முடியாத அளவில் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால்தான் பழுதாகக் கருத வேண்டும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது 'கீச்' என்ற ஊளை எழுந்தால், தலையணை வெளி மைக்கை மூடி, ஸ்பீக்கரிலிருந்து கசியும் ஓசை மைக்குக்கே திரும்பிச் சென்று சுழல்கிறது. அடைப்பைச் சீராக்கினால் கசிவு குறையும். அதன் பின்னும் நீடித்தால் காது படும் இடத்தில் குழிவுள்ள தலையணையைப் பயன்படுத்தலாம், அல்லது அந்நேரத்தில் ஏஎன்சியை நிறுத்தலாம். காதுக்கு வெளியே துருத்தி நிற்கும் இயர்பட்களை ஒருக்களித்து உறங்குபவர்கள் வாங்கவே கூடாது. எந்த அமைப்பை மாற்றினாலும் அவற்றின் உருவத்தை மாற்ற முடியாது.

நடக்கும்போதும், ஓடும் வண்டியின் ஜன்னல் அருகிலும் 'பட பட' என்று அடித்தால் மைக் துளையில் காற்று சுழல்கிறது. காற்றைத் தடுக்கும் பயன்முறை இருந்தால் அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் ஏஎன்சியின் அளவைக் குறையுங்கள். கதவு அறைந்து சாத்தப்படும்போது, ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது, பேருந்து பள்ளத்தில் இறங்கும்போது 'டுப்' என்று ஒரு தட்டல் கேட்பது, திடீர் அழுத்த மாற்றத்துக்கு எதிரலை எழுப்ப முயன்று ஸ்பீக்கர் தன் எல்லையைத் தொட்டுவிடுவதால் நிகழ்கிறது, கருவிக்குத் தீங்கில்லை. வெளியோசை தானாகவே கூடியும் குறைந்தும் வந்தால், சூழலுக்கேற்ப மாறும் ஏஎன்சியை நிறுத்தி நிலையான அளவில் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறது

முதலில் குறை கருவியிலா காதிலா என்று பிரித்தறிய வேண்டும். முனைகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்துங்கள். மங்கல் முனையுடன் சேர்ந்து மறுபக்கம் சென்றால் முனையில் அழுக்கு அடைத்திருக்கிறது. மாறாவிட்டால், வலக்காதுக்குரியதை இடக்காதின் வாயில் தலைகீழாக ஒரு கணம் பிடித்து ஒரே பாட்டைக் கேளுங்கள். அந்த இயர்பட் எந்தக் காதிலும் மங்கலாக ஒலித்தால் அதன் ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலையில் குறும்பி, அதாவது காது மெழுகு, சேர்ந்திருக்கிறது. எந்த இயர்பட்டும் ஒரு காதில் மட்டும் மங்கலாக ஒலித்தால் குறும்பி சேர்ந்திருப்பது காதில்.

சிலிகான் முனையை உருவிவிட்டு, விளக்கொளியில் இயர்பட்டின் கழுத்தைச் சாய்த்துப் பாருங்கள். நுண்ணிய உலோக வலை பளபளவென்று கண்ணறைகளுடன் தெரிய வேண்டும். தேன் நிறத்தில் ஒரு படலம் படர்ந்து கண்ணறைகள் மூடியிருந்தால் அதுதான் காரணம். வலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் லேசாகத் தட்டித் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் துகள்கள் உள்ளேயே விழும். ஊசி, குண்டூசி, பல்குச்சி எதையும் வலைக்குள் செலுத்தக் கூடாது. வலை கிழிந்தால் குறும்பி நேராக ஸ்பீக்கரை அடையும். வாயால் ஊதுவதும் வேண்டாம், ஈரம் சேரும். வலைக்கருகில் இருக்கும் ஊசிமுனை அளவுள்ள காற்றுத் துளைகளையும் மைக் துளைகளையும் மறக்காமல் பாருங்கள். அவை அடைபட்டால் ஏஎன்சி ஒரு பக்கம் மட்டும் நொண்டும். சிலிகான் முனையைத் தனியே கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்தபின் மாட்டலாம். ஃபோம் முனையைக் கழுவுவதைவிட மாற்றுவதே மேல்.

அறிகுறி: நடு இரவில் நின்றுவிடுகிறது, அல்லது தானாக ஏதோ செய்கிறது

இரவின் ஒரே நேரத்தில் நாள்தோறும் நின்றால் மின்கலம் தீர்கிறது. சிறிய இயர்பட்டுக்குள் இருக்கும் லித்தியம் அயான் மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஆனபின் கொள்ளளவை இழப்பது இயல்பு. முன்பு எட்டு மணி நேரம் தாங்கியது இப்போது ஆறு மணி நேரமே தாங்கலாம். ப்ளூடூத்தில் ஓசையை அனுப்பாமல், கருவியிலேயே சேமித்த ஓசையை ஒலிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மின்செலவும் குறையும், இணைப்பு அறுபடும் தொல்லையும் இராது. ஒரு பக்கம் மட்டும் முன்னதாகவே தீர்ந்துபோனால், சார்ஜிங் கேஸுக்குள் இருக்கும் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அழுக்குப் படிந்ததால் அந்தப் பக்கம் முழுதாகச் சார்ஜ் ஆகாமல் இருந்திருக்கும். காதிலிருந்து எடுத்த கருவியில் வியர்வை ஈரம் இருக்கும். அதைத் துடைத்து, சிறிது நேரம் வெளியில் உலரவிட்டுக் கேஸில் வையுங்கள்.

வெவ்வேறு நேரங்களில் நின்றால், தலையணையே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறது. தொடு கட்டுப்பாட்டையும், காதிலிருந்து எடுத்ததும் தானாக நிறுத்தும் உணரியையும் செயலியில் முடக்கிவிடுங்கள். நள்ளிரவில் மின்னஞ்சல் வந்ததையோ இணைப்பு மாறியதையோ ஒரு குரல் உரக்க அறிவித்தால், ஃபோனில் தொந்தரவு செய்யாதே பயன்முறையை இயக்குவதுடன் கருவியின் குரல் அறிவிப்புகளையும் நிறுத்த வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். மடிக்கணினியுடனும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி இருந்தால் உறங்கும்முன் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பயணத்தில் ஃப்ளைட் மோடுக்குப் போனதும் இணைப்பு அறுபட்டால், ஃப்ளைட் மோடு இயங்கும்போதே ப்ளூடூத்தை மட்டும் தனியே மீண்டும் இயக்கலாம். ஏஎன்சிக்கு ஃபோன் இணைப்பே தேவையில்லை. சார்ஜிங் கேஸிலும் லித்தியம் மின்கலம் உண்டு என்பதால் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால்தான் பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடுவதற்கு விமான விதிகள் இடம் தருவதில்லை.

அறிகுறி: அலாரம் கேட்கவில்லை

அலாரம் ஃபோன் ஸ்பீக்கரில் ஒலித்தால் நன்றாக அடைத்த காதை அது எட்டாமல் போகலாம். இயர்பட்டில் மட்டும் ஒலிக்குமாறு வைத்தாலோ மின்கலம் தீர்ந்த இரவில் எதுவும் ஒலிக்காது. கைக்கடிகார அதிர்வையோ தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியையோ துணையாக வைத்துக்கொள்வதே நம்பகமான வழி.

இதைவிடக் கவலைக்குரியது புகை அலாரம். வீடுகளில் உள்ள வழக்கமான புகை அலாரங்கள் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. ஆழமான முனை நன்றாகத் தடுக்கும் பகுதியும் அதுவே. உறங்கும் கோலத்தில் கருவியைப் பொருத்திப் படுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரை அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கேளுங்கள். மங்கலாகத்தான் கேட்கிறதென்றால் 520 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தாழ்தொனி அலாரமோ, படுக்கையை அதிரச் செய்யும் வகையோ பொருத்த வேண்டும். குழந்தையையோ நோயாளியையோ தனியே கவனித்துக்கொள்பவர்கள் இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு உறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: வலி, அரிப்பு, காது இரைச்சல்

காலையில் எழும்போது காதின் ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் முனை பெரிது, அல்லது இயர்பட்டின் உடல் காது மடலின் குருத்தெலும்பில் உறுத்துகிறது. ஓரளவு சிறிய முனைக்கு மாறி, ஓரிரு இரவுகள் காதுக்கு ஓய்வு கொடுத்துப் பாருங்கள். அரிப்பு, ஈரம், மடலை இழுத்தால் வலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவை செவிக்குழாயில் தொற்று இருப்பதைக் காட்டுகின்றன. அப்போது கருவியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து முடியும்வரை மீண்டும் பொருத்தக் கூடாது.

வெளியோசை நின்றதும் 'ங்ய்' என்ற காது இரைச்சல் கேட்பது பலருக்கு முன்பே இருந்து, அமைதியில் மட்டும் புலப்படுவது; மெல்லிய மறைப்போசை அதைத் தணிக்கும். அந்த இரைச்சல் ஒரு காதில் மட்டும் நீடித்தாலோ நாடித் துடிப்புடன் இணைந்து ஒலித்தாலோ பரிசோதனை தேவை. ஒரு காதில் கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால் குறும்பிதான் என்று நீங்களாகவே தீர்மானித்து நாட்களைக் கடத்த வேண்டாம். உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும்.

இயர்பட்டை எடுக்கும்போது முனை மட்டும் கழன்று காதுக்குள் தங்கிவிடுவதும் உண்டு. அதன் விளிம்பு வெளியே தெரிந்து விரலால் பற்ற முடிந்தால் மட்டும் மெல்ல இழுங்கள். தெரியாவிட்டால் பஞ்சுக் குச்சியோ சாமணமோ கொண்டு தேடாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் அதைச் செவிப்பறைக்கு அருகில் தள்ளும். மருத்துவர் அதற்குரிய கருவியால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். எடுத்தபின், இயர்பட்டின் கழுத்தை இறுகப் பற்றாத அந்த வகை முனைகளை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.